கிளைவ் போடாத பதில்

எனக்கு இனிக்க இனிக்கப் பேசுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோரீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து பேசுகிறாள் என்று பிறகு யாரும் குறை சொல்லக்கூடாது பாருங்கள். கிளைவ் அக்ராய்டின் விஷயத்தை எடுத்தால் நான் சாய்ந்துதான் பேசுவேன். வேறு மாதிரிப் பேச எனக்கு வராது.

கிளைவும் நானும் வட இங்கிலாந்தில், ஹாலிஃபாக்ஸில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்கள். பெரிய கம்பெனி எல்லாம் இல்லை. அவரவர் கார், அதன் கூரையில் அவரவர் பெயர். எங்கள் ஊரில் சமதரை என்பதே கிடையாது. ஏறினால் மேடு, இறங்கினால் மழை. இங்கே ஓட்டிப் பழகியவன் எங்கே வேண்டுமானாலும் ஓட்டுவான். மாணவர்களைப் பரீட்சை அதிகாரியோடு அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்பி வரும்வரை தேர்வு நிலையத்தின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருப்பது எங்கள் தொழிலில் பாதி. ஹீட்டர் பாதி நாள் வேலை செய்யாது. நான், கிளைவ், இன்னொரு ஆசிரியன் பாரி ஸ்கோல்ஃபீல்ட் மூன்று பேரும் பிளாஸ்கில் டீ கொண்டு வந்து, ஊர்வம்பு பேசிக் காலத்தை ஓட்டுவோம். பாரிக்கு வாய் நீளம். அவனுக்கு அடுத்தபடி நான்.

கிளைவ் அப்படி இல்லை. அவன் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஒருமுறை ஒரு பெண் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பாதிரியார் வீட்டுச் சுவரையே இடித்துத் தள்ளிவிட்டாள். செங்கல் எல்லாம் பானெட்டின் மேல். அப்போதும் இவன், "சரி, அடுத்த தடவை கொஞ்சம் முன்னாடியே வேகத்தைக் குறைச்சுக்கலாமா, கண்ணு?" என்றுதான் கேட்டானாம். மனுஷன் அப்படி. சாலை விதிப் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் அவனுக்கு வேதம். ஆள் நடமாட்டமே இல்லாத தெருவிலும் இண்டிகேட்டர் போடுவான்.

அந்த மனுஷன் பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவில் காரிலேயே உட்கார்ந்து ஒரு நாவல் எழுதி முடித்தான் என்றால் நம்புவீர்களா? நாங்கள் நம்பவில்லை. எட்னா என்று ஒருத்தி, ஐம்பது வயது தாண்டியவள், மிட்டாய் ஃபாக்டரியில் டப்பா கட்டுகிறவள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறாமல், எதிர்ப்பக்கம் வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. நான் முதல் அத்தியாயத்தைப் படித்தேன். எனக்கும் எங்காவது ஒரு பஸ்ஸில் ஏறிவிட வேண்டும் போல இருந்தது. அதை அவனிடம் சொன்னேன். காது வரைக்கும் சிவந்துபோனான்.

புத்தகம் எழுதிவிட்டால் ஆயிற்றா? பதிப்பகத்தார் நேராக வாங்கமாட்டார்கள். நடுவில் ஏஜென்ட் வேண்டும். ஏஜென்டுக்குப் பிடித்தால்தான் அது பதிப்பகத்தின் வாசலுக்கே போகும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டாமா? இந்தப் பூசாரிகள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஆசாரம். ஒருவருக்கு மூன்று அத்தியாயம், இன்னொருவருக்குப் பத்துப் பக்கம், வேறொருவருக்குக் கதை முழுவதும் ஒரே பக்கத்தில், முடிவையும் மறைக்காமல். கிளைவ் ஒவ்வொன்றையும் அட்சரம் பிசகாமல் செய்தான். நூலகத்துக்குப் போய், தனக்குப் பிடித்த புத்தகங்களின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவான். "என் ஏஜென்ட் இன்னாருக்கு நன்றி" என்று எழுத்தாளர்கள் போட்டிருப்பார்கள் அல்லவா, அந்தப் பெயர்களைப் பொறுக்கி எடுத்து அனுப்புவான். அப்படித்தான் லண்டனில் பல பேருக்கும், நியூயார்க்கில் தெல்மா ப்ராட்ஸ்கி என்கிற ஒரு பெண்மணிக்கும் அனுப்பினான்.

இந்தத் தொழிலில் இன்னொரு விதியும் உண்டு. எல்லா ஏஜென்டுகளும் அதை எழுதியே வைத்திருப்பார்கள்: குறிப்பிட்ட காலத்துக்குள் பதில் வராவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம், எங்கள் முடிவுக்குத் தயவுசெய்து மறுமொழி எழுதாதீர்கள்.

"வேணாம்னு ஒரு வார்த்த எழுதக்கூட இவங்களுக்குக் கை வலிக்குதா?" என்று நான் எகிறினேன்.

"அவங்களுக்கு ஆயிரம் வேலை நோரீன். நம்மள மாதிரி எத்தன பேரு அனுப்புவாங்க" என்றான். பாவம் அவர்களுக்கு என்று இவன் பரிதாபப்பட்டான்.

பாதிப் பேர் வாயே திறக்கவில்லை. மீதிப் பேரில் முக்கால்வாசி அச்சடித்த வார்த்தையில் வேண்டாம் என்றார்கள். அப்புறம்தான் அந்த இமோஜன் போன் செய்தாள்.

லண்டனில் நல்ல பெயருள்ள ஏஜென்ஸி. பெயரைச் சொல்லமாட்டேன், எனக்கு எதற்கு வம்பு. அவள் குரல் இருக்கிறதே, தேனும் பாலும் ஓடும். கிளைவ் காத்திருப்பு அறையில் இருந்தபோது வந்த போன் அது. பதற்றத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டான். அறை முழுவதும் கேட்டது.

"கிளைவ், நான் அப்படியே கரைஞ்சு போய்ட்டேன்! எட்னா என் உயிர்! அழுதுட்டேன் தெரியுமா? கொஞ்சமே கொஞ்சம் கை வெச்சா போதும், எங்கயோ போயிடும். அதுவரைக்கும் வேற யாருக்கும் காட்டவேணாம், சரியா? இது நமக்குள்ளயே இருக்கட்டும்."

"கண்டிப்பா. வாக்கு" என்றான் கிளைவ்.

ஒப்பந்தம் கிடையாது, கையெழுத்து கிடையாது, எந்த நாள்வரை என்ற கெடுவும் கிடையாது. வெறும் வாக்கு. அந்த ஒரு வார்த்தையில் மனுஷன் தன் கழுத்துக்குத் தானே கயிறு போட்டுக்கொண்டான். ஆனால் அன்றைக்கு யாருக்குத் தெரிந்தது? பாரி ஓடிப்போய் எல்லோருக்கும் பன் வாங்கி வந்தான், பொரித்த பன்றி இறைச்சி வைத்தது. நான் கிளைவைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்துவிட்டேன்.

பாரி வாங்கி வந்தது பன் மட்டும் இல்லை. அவன் மச்சினி உள்ளூர்ப் பத்திரிகையில் வேலை செய்கிறாள். அடுத்த வாரமே கிளைவின் படத்தோடு செய்தி வந்துவிட்டது. நம் ஊர் ஓட்டுநர் ஆசிரியரின் நாவலைக் கேட்டு லண்டன் அலைகிறதாம். அன்றிலிருந்து அவனுக்கு ஊரில் தலைகாட்ட முடியவில்லை. மீன்கடையில் கேட்பார்கள், பல் டாக்டர் வாயில் ஊசியை வைத்துக்கொண்டே கேட்பார், மாணவர்கள் ரவுண்டானாவில் நடுவழியில் கேட்பார்கள்: "புத்தகம் எப்ப வருது?" இவன் எல்லோருக்கும், "வேலை நடந்துட்டிருக்கு" என்பான்.

வேலை என்றால் என்ன வேலை தெரியுமா? முதலில் இமோஜன், எட்னாவுக்கு வயது ஜாஸ்தி, இருபத்தாறாக்கிவிடலாமே என்றாள். ஆக்கினான். அப்புறம், ஏதோ குறைகிறது, அந்த பஸ்ஸில் ஒரு பிணம் இருந்தால் எப்படி இருக்கும் என்றாள். பிணத்தைக் கொண்டுவந்து வைத்தான். அதன்பிறகு, பிணம் கொஞ்சம் அதிகப்படி, அதற்குப் பதில் கடல் இருந்தால் அழகு என்றாள். ஹாலிஃபாக்ஸில் கடலுக்கு எங்கே போவது? ஊரையே தூக்கிக் கடலோரத்தில் வைத்தான். ஒவ்வொரு முறையும் மாதக்கணக்கில் வேலை. ஒவ்வொரு முறையும் அவள் பதில், "அற்புதம்! பிரமாதம்! நெருங்கிட்டோம் கிளைவ்!"

"அது உன் புத்தகமாடா இன்னும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியல நோரீன். காலைல திறந்தா எட்னா பேசுறதே எனக்குக் கேக்க மாட்டேங்குது. வேற யாரோ ஒரு பொண்ணு வந்து உக்காந்திருக்கு."

"அப்ப விட்டுத் தொலை. வேற ஆளுக்கு அனுப்பு."

"வாக்குக் குடுத்திருக்கேன்."

"என்ன பெரிய வாக்கு! அவ உனக்கு என்ன குடுத்தா?"

"இவ்வளவு தூரம் வந்துட்டோம். இப்ப போய் விட்டா இதுவரைக்கும் பண்ணினது எல்லாம் வீண்" என்றான்.

புதைகுழியில் நிற்கிறவன் இதைத்தான் சொல்வான். முன்னால் போனால் புத்தகம் செத்துவிடுகிறது. பின்னால் வந்தால் ஊர் சிரிக்கும். நின்றால் இமோஜன் போன் செய்தாலும் செய்வாள். அவன் மனைவி ஜேனிஸ் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், பொறுமைசாலி. இரண்டு கோடைக்கு அவர்கள் எங்கேயும் போகவில்லை. வழக்கம்போல மலையில் கூடாரம் போட்டால் போன் எடுக்காது, இமோஜன் கூப்பிட்டால் என்ன செய்வது? ஜேனிஸ் ஒருநாள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க கட்டில்ல நடுவுல ஒருத்தி படுத்திருக்கா நோரீன். பேரு இமோஜன். போர்வைய வேற இழுத்துக்குறா." சிரிப்புத்தான். ஆனால் அவள் கண் சிரிக்கவில்லை.

இனி அந்த நியூயார்க் விஷயத்துக்கு வருகிறேன். இமோஜனிடம் வாக்குக் கொடுத்துக் கொஞ்ச நாளில் தெல்மா ப்ராட்ஸ்கியிடமிருந்து ஒரு பதில் வந்திருந்தது. முன்னால் அனுப்பியதற்கு ஆற அமர வந்த பதில். கிளைவ் எங்களுக்குப் படித்துக் காட்டினான். இரண்டே வரி. "மிஸ்டர் அக்ராய்ட், உங்கள் நாவல் நன்றாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு விருப்பமிருந்தால் நாம் ஒருநாள் பேசலாம்."

இந்த ஊரில் யார் படித்திருந்தாலும் ஒரே மாதிரிதான் படித்திருப்பார்கள். நன்றாக இருக்கிறது என்றால் நன்றாக இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது என்றால்? அந்தத் 'தான்' இருக்கிறதே, அதில்தான் இருக்கிறது விஷம். என் மாமியார் என் கல்யாணத்தன்று என் கவுனைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதை நான் இன்னும் மறக்கவில்லை. 'ஒருநாள் பேசலாம்' என்பதோ அதைவிட மோசம். எங்கள் ஊரில் ஒருநாள் பேசலாம் என்று சொன்னவனை அப்புறம் சாவு வீட்டில்தான் பார்க்கலாம்.

"நல்ல மனசுக்காரி. நோகாம வேணாம்னு சொல்லிருக்காங்க" என்றான் கிளைவ்.

"இமோஜன் எங்க, இவ எங்க? அவ அழுதாளேடா!" என்றான் பாரி.

"ஒரு நன்றி போடட்டுமா?"

"வேணாம்னு சொன்னா மறுமொழி எழுதாதீங்கன்னு எல்லா ஏஜென்டும் போட்டிருக்காங்களே" என்று பாரி ஞாபகப்படுத்தினான். கிளைவுக்கு விதி என்றால் விதி. போனை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டான். அதோடு அந்தப் பெண்மணியை எல்லோரும் மறந்தே போனோம்.

கடல் வைத்த புத்தகத்தை அனுப்பியபிறகு இமோஜனிடமிருந்து பேச்சு மூச்சே இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று வருஷமே திரும்பிவிட்டது. இலவு காத்த கிளி என்பார்களே, அதுதான். "படிச்சிட்டு இருப்பாங்க. தொந்தரவு பண்ணக்கூடாது" என்று எங்களுக்கு இவன் ஆறுதல் சொன்னான். மீன்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டான். ஜேனிஸ்தான் போய் வாங்கி வருவாள்.

இப்படி இருக்கும்போது அவனுக்கு டார்லீன் என்று ஒரு மாணவி வந்து சேர்ந்தாள். அமெரிக்காக்காரி, ஒஹாயோ. கணவனுக்கு இங்கே வேலை. பதினாறு வயதிலிருந்து கார் ஓட்டியவள்தான், ஆனால் கியரைக் கண்டதில்லை, எங்கள் மேட்டையும் கண்டதில்லை. இங்கே வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டால் எங்கள் லைசென்ஸ் எடுத்தே ஆகவேண்டும். வாரத்துக்கு இரண்டு பாடம். கலகலப்பானவள். காத்திருப்பு அறைக்குள் வந்தால் ஹீட்டர் வேலை செய்கிற மாதிரி இருக்கும்.

அவள் தேர்வுக்குப் போன அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் அறையில். கிளைவ் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாஸ் ஆயிடுவாளா?" என்று கேட்டேன்.

"சான்ஸே இல்ல. மேட்டுல நிறுத்தி எடுக்கச் சொன்னா வண்டி பின்னாடி உருண்டுடும். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேக்கவே இல்ல. தானா போய்த் தேதி வாங்கிட்டு வந்துட்டா."

சொல்லி வாய் மூடவில்லை, கார் உள்ளே வந்தது. அதிகாரி முதலில் இறங்கி, சட்டையெல்லாம் நனைய விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். டார்லீன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"பால்காரன் வண்டி! பின்னாடி நின்ன பால்காரன் வண்டியை இடிக்கப் பாத்துட்டேன் கிளைவ்! என்னை ஏன் அனுப்பினீங்க?"

"நானா அனுப்பினேன்? நான் வேணாம்னு சொன்னேனே!"

"எப்பச் சொன்னீங்க?"

"போன மாசம். எப்படி ஓட்டுறேன்னு கேட்டீங்க. நல்லாத்தான் ஓட்டுறீங்கன்னு சொன்னேன்."

"ஆமா! அதைக் கேட்டுட்டுத்தானே போய்த் தேதி வாங்கினேன்!"

"தேதி வாங்கிட்டேன்னு வந்து சொன்னப்பக்கூட, 'தைரியமான முடிவு'ன்னு எச்சரிச்சேனே!"

"அது எச்சரிக்கையா?" டார்லீன் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் தலையாட்டினோம். தைரியமான முடிவு என்றால் முட்டாள்தனம் என்று பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். "அட தேவனே! இந்த ஊர்ல யாரும் வாயைத் திறந்து பேசவே மாட்டீங்களா? எங்க ஊர்ல நல்லாத்தான் இருக்குன்னா ரொம்ப ரொம்ப நல்லா இருக்குன்னு அர்த்தம். எங்க வீட்டுக்காரரைப் பாத்துட்டு எங்கப்பா, 'பையன் நல்லாத்தான் இருக்கான்'னு சொன்னாரு. அன்னிக்கே மோதிரம் மாத்திக்கிட்டோம்!"

பாரி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கிளைவைப் பார்த்தேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

போனை எடுத்தான். எதையோ தேடித் தேடிக் கண்டுபிடித்து டார்லீனிடம் நீட்டினான். "இதை உங்க ஊர் ஆளா இருந்து படிச்சுச் சொல்லுங்க" என்றான்.

டார்லீன் படித்தாள். ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தாள். அவள் கோபம் எங்கே போனதோ.

"கிளைவ், இந்தம்மாவுக்கு உங்க புத்தகம் ரொம்பப் பிடிச்சிருக்கு. எடுத்துக்கிறேன்னு சொல்றாங்க. போன் பண்ணுன்னு சொல்றாங்க. என்ன சொன்னாங்க போன்ல?"

கிளைவ் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"போன் பண்ணலையா?" என்றாள் மெதுவாக.

"நான் பதிலே போடல" என்றான் கிளைவ்.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். "இப்பப் போடு! இந்த நிமிஷமே போடு! என்ன வாயப் பாத்துட்டு நிக்கிற?" என்று கத்தினேன். அதிகாரி உள்ளிருந்து தலையை நீட்டிப் பார்த்தார்.

அப்போது அந்த மனுஷன் சொன்னதைக் கேளுங்கள். "எப்படிப் போடுறது நோரீன்? இமோஜனுக்கு வாக்குக் குடுத்திருக்கேனே. அவங்க படிச்சிட்டு இருக்காங்க."

என் பொறுமை அங்கே அறுந்தது. போனை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். இமோஜனின் ஏஜென்ஸி எண்ணைத் தேடி, ஸ்பீக்கரையும் அமுக்கி, நானே போட்டேன். ஒரு சின்னப் பையன் குரல், படிப்பும் வசதியும் சொட்டுகிற குரல், எடுத்தது.

"கிளைவ் அக்ராய்ட் சார்பா பேசுறேன். இமோஜன் வேணும்" என்றேன்.

"இமோஜனா? அவங்க போன வருஷம் வசந்தத்துலயே வேலையை விட்டுட்டாங்களே மேடம். டெவன் பக்கம் ஒரு கிராமத்துல ஆடு வளர்க்குறாங்க."

"அவங்ககிட்ட இருந்த புத்தகம்?"

"எந்தப் புத்தகம், மேடம்? யாரு பேரு சொன்னீங்க?"

"அக்ராய்ட். எட்னா. பஸ். இப்பக் கடல்."

அந்தப் பக்கம் கொஞ்சம் தட்டுகிற சத்தம். "மன்னிக்கணும், அப்படி எதுவும் எங்ககிட்ட இல்ல. பதில் வரலைன்னா வேணாம்னுதான் அர்த்தம் மேடம். எங்க வெப்சைட்லயே போட்டிருக்கு."

ஸ்பீக்கரில் கிளைவ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு வருஷத்துக்கு மேலாக ஆளில்லாத நாற்காலிக்கு வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். ஆடு மேய்க்கப் போனவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூடாதா? கரைந்து போனேன் என்றாளே, உண்மையிலேயே கரைந்துதான் போய்விட்டாள் படுபாவி. நான் என்னென்னவோ திட்டினேன். பாரி என் தோளைப் பிடித்து உட்காரவைத்தான்.

கிளைவ் அன்றைக்கே தெல்மா ப்ராட்ஸ்கிக்கு எழுதினான். டார்லீன்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். "'உங்களுக்கு நேரம் இருந்தால்' வேணாம், அடிங்க. 'ஒருவேளை' வேணாம், அடிங்க. 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' எத்தன தடவை எழுதிருக்கீங்க கிளைவ்? ஒண்ணு போதும்." கடைசியில் நின்றது நாலே வரி: தொந்தரவுக்கு மன்னிக்கவும், தவறாகப் புரிந்துகொண்டேன், உங்களோடு பேச மிகவும் ஆசை, எட்னா இன்னும் உங்களுக்கு வேண்டுமா? பிணமும் கடலும் இல்லாத பழைய புத்தகத்தையும் சேர்த்து வைத்தான். அதைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம், "நோரீன், எட்னா மறுபடியும் பேசுறா" என்றான். பல மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் வெளிச்சம் பார்த்தேன். அன்றைக்கு ஜேனிஸை அழைத்துக்கொண்டு அவனே மீன்கடைக்குப் போனானாம்.

பதிலுக்கு ரொம்ப நாள் ஆகவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் ஒரே வேளையில் தேர்வு இருந்த காலைப்பொழுதில்தான் வந்தது. மாணவர்கள் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தார்கள். "சத்தமாப் படி" என்றான் பாரி. கிளைவ் படித்தான்.

"அன்புள்ள கிளைவ், உங்கள் கடிதத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், வருத்தமும் பட்டேன். எட்னாவை நான் மறக்கவில்லை. அந்தப் பஸ் காட்சியை என் கணவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். நீங்கள் எழுதுவீர்கள் என்று ரொம்ப நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு வேறு நல்ல ஏஜென்ட் கிடைத்திருக்க வேண்டும், என்னை வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் மௌனத்துக்கு அதுதானே அர்த்தம். கொஞ்சம் அழுதேன், சொன்னால் சிரிக்காதீர்கள். இந்த வருஷ ஆரம்பத்தில், வீட்டைவிட்டுக் கிளம்பிப் போகிற ஒரு பெண்ணைப் பற்றிய இன்னொரு நாவலை எடுத்துக்கொண்டேன். இரண்டையும் நான் விற்க முடியாது. அது அந்த எழுத்தாளருக்குச் செய்கிற துரோகம். வேறு யாரிடமாவது கொடுங்கள். ஒரு வார்த்தையையும் மாற்றாதீர்கள்."

படித்து முடித்தும் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பாரி, வாய் ஓயாத பாரி, பிளாஸ்க் மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தான்.

"வேற ஆளுங்க இருக்காங்கடா" என்றேன் கடைசியில். "இன்னைக்கே பத்துப் பேருக்கு அனுப்பு. எவளுக்கும் வாக்குக் குடுக்காதே."

"அனுப்புறேன் நோரீன். கண்டிப்பா அனுப்புறேன்." குரல் வழக்கம்போல மெதுவாகத்தான் இருந்தது. "ஆனா ஒண்ணு பாத்தியா? இத்தன வருஷமா எல்லாரும் என்னை வேணாம் வேணாம்னு சொல்றாங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன். ஊர்ல ஒருத்தரையும் நிமிர்ந்து பாக்க முடியல. கடைசில பாத்தா, வேணும்னு சொன்னது உலகத்துலயே ஒரே ஒரு ஆளு. அந்தம்மா தெனமும் பதில் வந்திருக்கான்னு பாத்துட்டு இருந்திருக்காங்க, என்னை மாதிரியே. அவங்களை வேணாம்னு சொன்னது நான்."

சொல்லிவிட்டு எழுந்தான். அவன் கண் தளும்பிவிட்டது. நாங்கள் பார்க்கக்கூடாது என்று கழிவறைக்குள் போய்விட்டான். குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

அதற்குள் அன்று காலை அவன் தேர்வுக்கு அனுப்பியிருந்த மாணவி முடித்துவிட்டு வந்துவிட்டாள். பாஸ். காரைவிட்டு இறங்கி, மழையில் நனைந்துகொண்டு, கிளைவிடம் சொல்லவேண்டும் என்று அறை வாசலையே பார்த்து நின்றாள். நான் கதவைத் திறந்து, "உள்ள வந்து உக்காரு கண்ணு, இப்ப வந்துடுவாரு" என்றேன்.